வௌவாலுக்கு ஒரு 'ள'

முதலில் பர்சென்ட்டுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அதனால் இங்கேயே சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

பர்சென்ட் எங்கள் அலுவலகத்தில் என் எதிர் மேஜைக்காரன். இணையதளங்களைக் கட்டுகிறவன். அவன் கட்டியதைத் தட்டிப் பார்க்கிறவள் நான். கட்டுகிறவனுக்கும் தட்டுகிறவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் உட்கார்ந்து கையால் தட்டுவதில்லை. நான் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் காலையில் தானாகவே பிரவுசரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பாகச் சொடுக்கி, போக வேண்டிய பக்கத்துக்குத்தான் போனதா என்று முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பிறகு ரிப்போர்ட்டை எல்லோருக்கும் மெயிலில் அனுப்பிவிடும். நான் வராத நாளில்கூட அது வேலைக்கு வந்துவிடும். என்னைவிட ஒழுங்கு.

அவனுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. இணைய முகவரியில் தமிழ் எழுத்து தமிழாகவே போகாது. பிரவுசர் நம் கண்ணுக்குத் தமிழில் காட்டும், அவ்வளவுதான். உள்ளே ஒவ்வொரு எழுத்தையும் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மூட்டை கட்டித்தான் அனுப்பும். 'வ' என்ற ஒற்றை எழுத்து %E0%AE%B5 என்று ஆகிவிடும். ஒரு சின்னச் சொல்லுக்கே ஒரு முழு வரி. என் ஸ்கிரிப்ட்டின் கையில் கிடைப்பது இந்த மூட்டைகள்தான். மனுஷர் படிக்க வேண்டாமா என்று நான் அவற்றைப் பிரித்து, அழகாகத் தமிழாக்கி ரிப்போர்ட்டில் போட்டேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, பிரிச்சத போடுங்க, வேணாங்கல. பிரிக்காததையும் கீழ போடுங்க."

"எதுக்குடா? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. எவன் படிப்பான்?"

"யாரும் படிக்க வேணாம்க்கா. இருக்கட்டும்."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குடா ரிப்போர்ட்டுல இடம்?"

ஒரு வாரம் இதே சண்டை. காபி குடிக்கப் போனாலும் சதவீதம், மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் சதவீதம். அன்றிலிருந்துதான் அவன் பர்சென்ட். கடைசியில், போய்த் தொலையட்டும் என்று ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பிரிக்காத முகவரியையும் போட்டேன், ஆனால் என் கோபத்துக்கு மரியாதையாக, இருப்பதிலேயே சின்ன எழுத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில். அவன் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா" என்றான். கிண்டலா நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கான தளம். அந்த வார்டுக்குள் பெற்றவர்களைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். பெற்றவர்களிலேயே வரமுடியாதவர்கள் பலர் உண்டு. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். வார்டு நர்ஸ் அங்கே இருக்கும் டேப்லெட்டில் குழந்தையின் படம் எடுத்து, இரண்டு வரி எழுதிப் போடுவார். முகவரி தெரிந்த குடும்பம் எங்கிருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், பதிலும் எழுதலாம். குழந்தையின் நிஜப் பெயர், அப்பா பெயர் எதுவும் இணையத்தில் வரக்கூடாது என்பது ஆஸ்பத்திரியின் கட்டளை. குடும்பம் ஒரு செல்லப்பெயர் வைத்துப் பதிய வேண்டும், நர்ஸும் அதே பெயரைத் தட்டிப் படம் போட வேண்டும். தட்டிய பெயரில் பக்கம் இல்லையென்றால் தளம் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்ளும். அப்படி அந்த வார்டில் ஒரு பட்டாணி, ஒரு ஜட்ஜ், ஒரு சுண்டெலி, இரட்டையராகப் பிறந்த ஒரு புயல், ஒரு மழை எல்லோரும் இருந்தார்கள். என் ஸ்கிரிப்ட் தினமும் கட்டில் எண்ணை வைத்து ஜோடி சேர்த்து, நர்ஸ் படம் போட்ட பக்கமும் குடும்பம் பதிந்த பக்கமும் ஒன்றுதானா என்று பார்க்கும்.

அந்த வார்டுக்கு என் வீட்டிலிருந்தே ஒரு ஆள் போய்ச் சேரும் என்று யார் கண்டது?

என் தங்கைக்கு இரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறி, நாள் நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போல இருந்ததாம். அவள் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அவ்வளவு சிறிய குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி இல்லை. ஆம்புலன்ஸில் வைத்து ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கையை நகர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் கப்பலில் இன்ஜினியர். நடுக்கடலில் இருந்தார். அடுத்த துறைமுகம் வந்தால்தான் இறங்கமுடியும்.

குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனபோது தங்கை பார்த்தது ஒரே ஒரு பாதம். பச்சைத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம்.

"சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல ஏறி உக்காந்திருந்துச்சுக்கா. அவ்ளோதான் பார்த்தேன். அதுக்குள்ள கதவை மூடிட்டாங்க."

இதை அவள் என்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் தன் சுண்டுவிரலைப் பக்கத்து விரல்மேல் ஏற்றிக் காட்டுவாள்.

செல்லப்பெயரை அவளே முன்னாலேயே வைத்திருந்தாள். பகலெல்லாம் வயிற்றுக்குள் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்துவிட்டு, விளக்கை அணைத்ததும் உதைக்கத் தொடங்கும் குழந்தைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வௌவால். நானே என் கையால் பதிந்தேன். முகவரியை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். "பாரு, நம்ம சைட்டு. நான் தட்டிப் பார்த்த சைட்டு. காலையில எழுந்ததும் உன் புள்ளை முகம் வந்துடும்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

காலையில் வந்தது ஒரு வரி. "இன்னும் படம் எதுவும் வரவில்லை."

அந்த வரியை எழுதியவனும் பர்சென்ட்தான். 'படம் இல்லை' என்று போட்டால் போதாதா, எதற்கு இழுக்கிறாய் என்று அப்போது கேட்டிருந்தேன். "இன்னும்னு போட்டா வரும்னு அர்த்தம்க்கா" என்றான். தங்கைக்கும் முதல் நாள் அப்படித்தான் அர்த்தமாயிற்று. ஆர்வமாகப் பால் எடுத்தாள். குழந்தைக்குக் குழாய் வழியாகத்தான் பால், அதுவும் சொட்டுச் சொட்டாக. இங்கே அவள் பம்ப் வைத்து எடுப்பதை ஐஸ் பெட்டியில் வைத்து அந்த ஆஸ்பத்திரி வேன் எடுத்துக்கொண்டு போகும். முதலில் அடியை நனைக்கும் அளவுக்குத்தான் வந்தது. அதற்கே, "அக்கா, பாரு பாரு" என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். நான் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நாற்காலியில் கிடந்தேன். மெயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும். வார்டுக்குப் போன் செய்தால், "குழந்தை நல்லா இருக்கு" என்பார்கள். டாக்டரிடம் கேட்டால், "நல்லா இருக்காம், விசாரிச்சேன்" என்பார். கப்பலிலிருந்து மாப்பிள்ளை, "பேஜ் காலியா இருக்கே, ஏன்?" என்று கேட்டு அனுப்புவார். நானும், "நெட் ஸ்லோவா இருக்கும், குழந்தை நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்புவேன்.

"எல்லாரும் ஒரே வரியத்தான் சொல்றீங்க" என்றாள் தங்கை. "உக்காந்து பேசி வச்சிக்கிட்ட மாதிரி."

நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலையில் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பம்ப் மேஜைமேல் கழுவி வைத்தபடி அப்படியே காய்ந்து கிடக்கிறது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

"என்னடி, நேரமாச்சே?"

"எதுக்கு?"

"எதுக்கா? பாலு எடுக்க வேணாமா?"

"யாருக்கு எடுக்கணும்?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் திரும்பவே இல்லை. சுவரிடமே பேசினாள்.

"அக்கா, நான் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல. எல்லாக் குழந்தைக்கும் படம் வருதுன்னு நீதான் சொன்ன. என் குழந்தைக்கு மட்டும் ஏன் வரல? இல்லாத குழந்தைக்கு எப்படிப் படம் போடுவாங்க? எனக்குப் பிரஷர் ஏறிடும்னு எல்லாருமா சேர்ந்து மறைக்கிறீங்க. போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

"வாயக் கழுவு" என்று கத்தினேன். கத்தினால் நம்பிவிடுவாளா? தங்கை இருந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் என்னை வெளியே அழைத்துப்போய், "இப்படி எடுக்காம விட்டா பால் நின்னுடும்மா. அந்தக் குழந்தைக்கு இப்போதைக்கு மருந்து மாதிரி அது. எப்படியாவது பேசிப் பாருங்க" என்றார்.

பேசிப் பார்ப்பதா? என்ன பேசுவது? உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னிடமும் மறைக்கிறார்களோ? தங்கையிடம் சொல்லிவிடுவேன் என்று அக்காவிடமும் மறைப்பது ஒன்றும் நடக்காத விஷயம் இல்லையே. வராந்தாவில் நின்று பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பகல் நேர நர்ஸ்.

"சிஸ்டர், நான் வௌவாலோட பெரியம்மா பேசறேன்."

"சொல்லுங்க மேடம். குழந்தை நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா படம் எங்க?"

"தினமும் போடறேனே மேடம்."

"காதுல பூ சுத்தாதீங்க சிஸ்டர். பேஜ் காலியா இருக்கு. என் கையிலதான் இருக்கு போன்."

"என் கண்ணு முன்னாடி இருக்கு மேடம். நேத்துகூட ரெண்டு படம் போட்டேன். நீங்கதான் யாருமே ஒரு வார்த்தை பதில் போடல."

"எந்தப் பேர்ல போட்டீங்க?"

"வெளவால்."

"வௌவால்தானே?"

"வெளவால்தான் மேடம். வார்டுல வேற வெளவால் இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். "எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க" என்றேன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.

அவர் பொறுமையாகச் சொன்னார். "மொதல்ல கொம்பு. அப்புறம் வ. பக்கத்துல ள. அப்புறம் இன்னொரு வ, கால், கடைசியா புள்ளி வச்ச ல."

நானும் மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். கொம்பு, வ, பக்கத்தில் ள. சரியாகத்தான் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் எனக்கும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்?

"அந்த லிங்க்க எனக்கு அனுப்புங்க, நானே பாக்கறேன்."

"டேப்லெட்டுல இருந்து வெளிய எதுவும் அனுப்ப முடியாது மேடம். எங்க சொந்த போனும் உள்ள கொண்டுவரக் கூடாது."

அந்தப் பூட்டைப் போட்டதும் எங்கள் அலுவலகம்தான். அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பச்சை கொடுத்ததும் நான்தான். நொந்துபோய், "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு சிஸ்டர்" என்றேன். "அலாரம் அடிக்குது மேடம், போகணும்" என்று அவர் வைத்துவிட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

போனைக் கீழே இறக்கவில்லை, பர்சென்ட் கூப்பிட்டான். எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஏனோ எடுத்தேன்.

"அக்கா, தொந்தரவு பண்றேன்னு தெரியும். ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு வச்சிடறேன்."

"சொல்லித் தொலை."

"வார்டு டெஸ்ட்டுல ஒண்ணு நாலஞ்சு நாளா செவப்பாவே நிக்குது. மேனேஜர் அத நிறுத்திடுன்னு சொல்லிட்டாரு. ஒரு வரிதான், நானே நிறுத்திடுவேன். ஆனா உங்க டெஸ்ட்டு. உங்களக் கேக்காம கைவைக்க மனசு வரல. நிறுத்தட்டுமா?"

"என்னவோ பண்ணு. என்னன்னுதான் சொல்லுது?"

"அதாங்க்கா கூத்து. எதிர்பார்த்தது வௌவால், கிடைத்தது வௌவால், ஆகையால் தப்புங்குது. ரெண்டும் ஒண்ணுதான். உங்க ஸ்கிரிப்ட்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு."

"என்ன சொன்ன?"

"கிறுக்குன்னு சும்மா சொன்னேன்க்கா..."

"அது இல்லடா. பேரு என்ன சொன்ன?"

"வௌவால். எவன் வச்சானோ பெத்த புள்ளைக்கு..."

"டேய், அது என் தங்கச்சி குழந்தைடா!"

வராந்தாவில் போன எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பர்சென்ட்டுக்கு என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது தெரியும். செல்லப்பெயர் தெரியாது. "ஐயோ, அக்கா, நான் தெரியாம..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. கீழ இருக்கு பாரு, எறும்பு ஊர்ந்த மாதிரி ரெண்டு வரி. அதப் படி."

"எதிர்பார்த்தது மேல, கிடைத்தது கீழ. ரெண்டுலயும் மொத மூட்டை ஒண்ணு, அது வ. அடுத்தது..." என்று இழுத்தான். பிறகு அவன் குரல் மாறியது. "மேல, E0, AF, 8C. கீழ, E0, AF, 86. அக்கா, கீழ இன்னொரு மூட்டை அதிகமா இருக்கு. E0, AE, B3."

"B3ன்னா என்னடா?"

தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "ள."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 'வௌ' என்று எழுதும்போது பக்கத்தில் வருவது பார்க்கத்தான் ள. அது ளகரமே இல்லை, ஔகாரத்தின் வால். கம்ப்யூட்டரில் ஔகாரத்தைத் தட்டினால் கொம்பும் வாலும் சேர்ந்து ஒரே குறியாக வந்துவிடும். நான் அப்படித் தட்டியிருந்தேன். நர்ஸோ தன் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தபடி ஒரு வ தட்டி, ஒரு கொம்பு தட்டி, பக்கத்தில் ஒரு நிஜ ளவைத் தட்டியிருக்கிறார். பாதித் தமிழ்நாடு என்ன, தமிழ் தட்டுகிற உலகமே அப்படித்தான் தட்டுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, காதுக்கும் ஒன்று. எழுத்துக் கூட்டினாலும் ஒன்று. அந்தச் சதவீதக் குறிகளுக்கு மட்டும்தான் வார்டில் இரண்டு வௌவால்கள் இருப்பது தெரிந்திருந்தது. நாலைந்து நாளாகத் தினமும் காலையில் என் ஸ்கிரிப்ட் அதைச் சிவப்பு மையில் எழுதி எங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது.

"அந்தக் கீழ் வரிய அப்படியே எனக்கு அனுப்பு. பிரிக்காத. ஒரு புள்ளிகூட மாத்தாத."

"அனுப்பிட்டேன்க்கா."

ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஓடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது, எல்லாம் தெரியும்.

தங்கை அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அசிங்கமான நீள வரியைத் தொட்டேன். பக்கம் வெள்ளையாக நின்றது. சுற்றியது. பிறகு ஒரு படம் இறங்கியது, அதன் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று.

"இந்தாடி, வந்துடுச்சு. உன் புள்ளை. திரும்பிப் பாரு."

மெல்லத் திரும்பினாள். படத்தில் ஒரு துளிக் குல்லாய், மூக்கில் குழாய், கன்னமெல்லாம் பிளாஸ்திரி. முகம் என்று சொல்ல இரண்டு மூடிய கண்கள்தான். ரொம்ப நேரம் பார்த்தாள். போனைக் கையில் வாங்கவில்லை.

"இது யாரு குழந்தை?" என்றாள்.

"உன் குழந்தைதாண்டி."

"எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும். குல்லாய் போட்டு, குழாய் மாட்டி. இத்தனை நாளா இல்லாத பேஜ் இப்ப எங்கிருந்துக்கா வந்துச்சு? நான் நம்பலன்னு எதையோ கொண்டாந்து காட்டற."

ள பற்றியும் மூட்டை பற்றியும் ஆரம்பித்தேன். எந்தத் தாய்க்கு அது காதில் ஏறும்? விளக்கத்தை விட்டுவிட்டுப் படங்களைத் தள்ளினேன். ஒவ்வொன்றுக்குக் கீழேயும் அந்த நர்ஸ் இரண்டு வரி எழுதியிருந்தார், குழந்தையே பேசுவது போல. 'அம்மா, இன்னைக்கு நான் தும்மினேன்.' 'அம்மா, நீங்க அனுப்பின பால் வந்துச்சு, ஒரு சொட்டும் வீணாக்கல.' 'அம்மா, பகல் முழுக்க தூக்கம்தான். ராத்திரி சிஸ்டர் சொன்னாங்க, கையக் கால ஆட்டி ஒரே ரகளையாம்.' வாய்விட்டுப் படித்தேன், தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், முதல் நாள் போட்ட படத்துக்கு வந்தேன்.

அதில் முகமே இல்லை. ஒரு பாதம் மட்டும். நர்ஸின் விரல்மேல் வைத்து எடுத்திருந்தார். 'அம்மா, என் சுண்டுவிரலப் பாருங்க. பக்கத்து வீட்டு மேல ஏறி உக்காந்திருக்கு. சொன்னாலும் இறங்க மாட்டேங்குது.'

தங்கை போனைப் பிடுங்கினாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். படம் மங்கும்வரை பெரிதாக்கினாள். பிறகு போனை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். தையல் வலிக்கும், அழாதே என்று சொல்லவேண்டிய நானும் சேர்ந்து அழுதேன். அந்த நர்ஸுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? பதிலே வராத ஒரு பக்கத்தில், யார் படிக்கிறார்கள் என்று தெரியாமல், ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் பொய் சொல்லாதீர்கள் என்றேன். அன்று மத்தியானமே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், பெரியம்மான்னா அப்படித்தான்" என்றார்.

மற்றதெல்லாம் பிறகு நடந்தது. பர்சென்ட் அன்றைக்கே உட்கார்ந்து, ஔகாரத்தை எப்படித் தட்டினாலும் ஒரே வீட்டுக்கு வழிகாட்டும்படி தளத்தை மாற்றினான். வேறு எந்தக் குழந்தைக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான், நல்லவேளையாக இல்லை. "டெஸ்ட்ட நிறுத்தட்டுமாக்கா?" என்று மறுபடி கேட்டான், கொழுப்பைப் பாருங்கள். கையை ஒடித்துவிடுவேன் என்றேன். இப்போது அது தினமும் இரண்டு வௌவால்களையும் சொடுக்கிப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டுகிறது. பிரிக்காத முகவரியைக் கறுப்பு மையில், படிக்கிற அளவில் போட்டிருக்கிறேன். அவன் பார்த்தான் என்று மட்டும் தெரியும். மேனேஜர் சொன்ன பிறகும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வோம் என்று நினைத்தானே, அந்தப் புத்தி எல்லோருக்கும் வாய்க்காது. நன்றாக இருக்கட்டும்.

அந்தக் காலைக்கே திரும்புகிறேன். அழுது ஓய்ந்த பிறகு தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு, படங்களை முதலிலிருந்து மறுபடியும் பார்த்தாள். நேற்றுப் போட்ட படத்தில் வந்து நின்றாள். அதன் வரிகளை அவசரத்தில் நான் படிக்காமல் தள்ளியிருந்தேன். அவளே வாய்விட்டுப் படித்தாள்.

"அம்மா, ஏன் ஒரு பதிலும் காணோம்? உடம்பு சரியில்லையா? பரவால்ல, நல்லா ரெஸ்ட் எடுங்க. நான் இங்க சமத்தா இருக்கேன். பால் மட்டும் அனுப்புங்க."

பதில் எழுதும் கட்டத்தைத் தொட்டாள். 'வந்துட்டேன்டா தங்கம்' என்று தட்டி அனுப்பிவிட்டு, போனை என் மடியில் போட்டாள். கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா பாத்துக்கிட்டு இருக்க? அந்தப் பம்ப எடு. வேன் வந்துடப்போவுது."